தாழ்ந்த கைக்கும் பாதி

1

என் கணவர் சீட்டாடிக் கெட்டவர் என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பியது. லூர்து சரக்குக் கப்பலில் மூன்றாம் பொறியாளராக இருந்தார். மகள் ஜெனி பிறந்த தகவல் எட்டிய பிறகும் அவர் உடனே வரவில்லை. ஞானஸ்நானம் முடிந்து, விருந்துக்குப் போட்ட பந்தலையும் பிரித்த பின்னர்தான் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அழுக்குத் துணியை எடுக்க அம்மா அவருடைய பையைத் திறந்தபோது, சட்டைகளுக்கு நடுவிலிருந்து முனை மழுங்கிய ஒரு சீட்டுக்கட்டு விழுந்தது. அம்மா அதைக் கையால் தொடவில்லை. முறத்தில் தள்ளி எடுத்துப் போய்க் குசினி மூலையில் வைத்து, அதன்மேல் ஓர் அண்டாவைக் கவிழ்த்தாள். தாமதத்துக்கான காரணம் அன்றோடு முடிவாகிவிட்டது. கப்பலில் பழுது, மாற்று ஆள் வரவில்லை என்று அவர் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

என் அக்கா ரோசலின் அதை வேடிக்கையாகச் சொல்வாள். "ஏளா செலின், காணாமப் போனத அந்தோணியாரு கண்டுபிடிச்சித் தருவாரு. ஒம் மாப்பிள்ளை மேசையில தோத்தத எந்தப் புனிதருட்ட போய்க் கேப்ப?"

நான் அதை முழுதாக நம்பவுமில்லை, இல்லையென்று மறுக்கவுமில்லை. ஆனால் அதன்பிறகு அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் பையை முதலில் பிரித்தது நான்தான்.

சென்ற மாதம் எங்கள் திருமண நாளுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்த அக்கா, பேச்சின் முடிவில் குரலைத் தாழ்த்தி, "இன்னும் அந்தச் சீட்டத் தொடுதாவளா?" என்று கேட்டாள். இத்தனை காலம் கழித்தும் அவள் அதை விடவில்லை. சென்ற ஆண்டு இங்கே நடந்ததை முறையாகச் சொன்னால்தான் அது பதிலாகும்.

2

நாங்கள் இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிஃபாக்ஸ் நகரில். இதுவும் துறைமுகம்தான். ஆனால் இங்கே கடலுக்கு மணம் கிடையாது. குளிர் அதை வாங்கிக்கொள்கிறது. உப்பளத்துக் காற்றில் வளர்ந்த எனக்கு, மணமில்லாத கடலை நம்புவதற்கே சில ஆண்டுகள் பிடித்தன.

லூர்து கப்பலை விட்டபின் இங்கே பார்த்த கரைவேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, புதன்கிழமை மதியங்களில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார். துறைமுகத்தை ஒட்டிப் பழைய மாலுமிகளுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "என்னத்தச் செய்ய? நாலு பேரு இருப்போம். பேசிக்கிட்டு இருப்போம்" என்பார். மற்ற ஆறு நாளும் நான் நினைவூட்டினால்தான் சவரம் செய்கிற மனிதர். சும்மா பேசப் போகிறவருக்கு இஸ்திரிப் பெட்டி எதற்கு?

ஒரு நாள் துவைக்கும்போது அவருடைய கால்சட்டைப் பையில் சிவப்பு நிறத்தில், சீட்டு மேசையில் காசுக்குப் பதில் வைக்கிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று அகப்பட்டது. நான் கேட்கவில்லை. மேசைமேல் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "மழ வரும்போல" என்றார்.

அந்த வாரமே கூடத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தேன். மாலுமிகளின் துணைவியருக்கும் இடம் உண்டு. ஆனால் துணைவிதான் என்பதற்குச் சான்று வேண்டும். எங்கள் கோயில் தந்த திருமணச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு வரிசையில், கடவுச்சீட்டில் வேறு வரிசையில். முகப்பில் இருந்த இளைஞன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்களாக இருக்கக்கூடுமே என்று மிகப் பணிவாகக் கேட்டான். மொழிபெயர்ப்பு, உறுதிமொழி, முத்திரை என்று அலைந்தேன். என் கணவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு, அவர் என் கணவர்தான் என்று முதலில் நான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

டொரண்டோவில் இருக்கும் ஜெனியிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் புரியும். பேச்சு மட்டும் நாளுக்கு நாள் நழுவிப்போகிறது.

"அம்மா, நீ அப்பாவ ஸ்பை பண்றே."

"இல்லட்டி. ஒரு ஆட்டம் படிக்கப் போறேன்."

"சேம் திங்" என்று சொல்லிவிட்டு, வேறொரு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு வேறொரு அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது.

3

கூடத்தின் பின்னறையில், சன்னல் ஓரமாக ஒரு வட்டமேசை. என்னைக் கண்டதும் லூர்து எழுந்தேவிட்டார்.

"ஏளா, இங்கன என்ன?"

"ஆட வந்தேன்."

"ஒனக்கு நம்மூரு முன்னூத்துநாலு சீட்டே ஒழுங்கா வராது!"

மேசையை நடத்துகிற மார்கரெட் விரலால் பலகையைத் தட்டினார். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு நடக்கும்போது எல்லோருக்கும் புரிகிற மொழியில் மட்டும் பேச வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. பணம் கூடாது என்பது இரண்டாவது. மாதத்தின் முதல் புதனன்று எல்லோருக்கும் ஒரே அளவில் வில்லைகள் தருவார். வில்லை தீர்ந்தவர் அடுத்த மாதம்வரை மேசைக்கு வர முடியாது. மாத முடிவில் எவரிடம் மிகுதியாக இருக்கிறதோ அவர் அடுத்த மாதத்துக்கான ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பரிசு அவ்வளவுதான்.

அதனால் அந்த மேசையில் ஊரில் எங்குமே ஆடாத போக்கர் வகைகளெல்லாம் நடந்தன. எல்லாவற்றிலும் நடுவில் சேரும் குவியல் இரண்டாகப் பிரியும். பெரும்பாலான வகைகளில், பெரிய சீட்டுகள் சேர்ந்த உயர்ந்த கைக்குப் பாதி. சின்னச் சீட்டுகள் மட்டுமே கொண்ட தாழ்ந்த கைக்குப் பாதி. ராஜாவையும் ராணியையும் பிடித்து வைத்தவனுக்குச் சமமாக, ஒன்றுக்கும் உதவாத ஆசும் இரண்டும் நான்கும் வைத்திருப்பவன் எழுந்து நிற்பான். முதல் சில வாரங்கள் இது எனக்கு ஏதோ ஏமாற்றுபோலவே பட்டது. தோற்க வேண்டியவனுக்கு எதற்குப் பாதி?

நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து படித்தேன். ஒரு வகையில் கையில் நான்கு சீட்டு தருவார்கள். அதில் சரியாக இரண்டைத்தான் பயன்படுத்த வேண்டும், மூன்றைச் சேர்த்தால் கை செல்லாது. இன்னொன்றில் மறைந்திருக்கும் சீட்டுகளில் பெரிய இஸ்பேட் எவரிடமோ அவருக்குப் பாதி. மற்ற சீட்டுகள் குப்பையாக இருந்தாலும் கவலையில்லை. நான் கற்றது மெதுவாகத்தான். சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்வதற்கு நான் சொன்ன ஆங்கிலச் சொல், போரில் சரணடைகிறவன் சொல்வதாம். இழுவைப்படகு ஓட்டியிருந்த ரெனே என்கிற கூட்டாளி இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். அதன்பிறகு என்னை எங்கே கண்டாலும், ரொட்டிக் கடை வரிசையில்கூட, கையைத் தூக்கித்தான் வணக்கம் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அறிவித்து ஆடுகிற ஆட்டம். பந்தயமெல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், மூடிய முட்டியோடு மேலே கொண்டுவர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வெறும் கை என்றால் தாழ்ந்த பாதிக்குப் போட்டி. ஒரு வில்லை இருந்தால் உயர்ந்த பாதிக்கு. இரண்டு இருந்தால் இரண்டுக்கும். இன்னொருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் அங்கே முழு வேலையும். அதற்காகத்தானே நான் போனதும்.

ஐந்தாவது ஆள் இவான். பல்கேரியாக்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சலவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக வசிக்கிறார். கை நடுங்கும். சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார், ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். மிக மோசமாக ஆடுவார். மிக மெதுவாகவும் ஆடுவார். புதன் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து, கூடத்தின் கோப்பைகளையெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருப்பவர் அவர்தான்.

4

லூர்து நன்றாக ஆடுவார் என்பது சீக்கிரமே தெரிந்தது. அவர் எப்போது சீட்டைக் கவிழ்ப்பார், எப்போது பந்தயத்தை ஏற்றுவார் என்பதையெல்லாம் மனைவியாக இருந்து பழகிய கண்ணால் படிக்க முடிந்தது. வாய் மூடியிருக்கும், இடது கட்டைவிரல் மட்டும் அசையும். ஜெனிக்குக் காய்ச்சல் என்று நான் சொன்ன நாட்களில் அசைந்த அதே விரல்.

அப்படி நன்றாக ஆடுகிறவரிடம் வில்லை சேரவே இல்லை. அதுதான் எனக்கு இடித்தது.

கவனிக்கத் தொடங்கினேன். இவான் ஒரு குவியலில் இருந்தால் லூர்தும் கடைசிவரை இருப்பார். பந்தயத்தை ஏற்றுவார். மற்றவர்கள் அஞ்சி விலகுவார்கள். கடைசியில் முட்டியைத் திறக்கும்போது, இவான் எந்தப் பாதிக்குப் போகிறாரோ அதற்கு எதிர்ப் பாதியில் லூர்து நிற்பார். இவானுடைய சீட்டு பக்கத்திலிருக்கும் அவருக்குத் தெரிகிறது என்பதை நான் சொன்னேன் அல்லவா. மாதத்தின் கடைசி வாரத்தில் மற்ற எவருக்கு வில்லை குறைந்தாலும், இவானுக்கு மட்டும் எப்படியோ ஒரு பிடி இருந்துகொண்டே இருந்தது.

மனம் போன இடமெல்லாம் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கும். இவானுக்கு இவரைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. பழைய கப்பல், பழைய துறைமுகம், வாயை அடைக்கக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் இவானிடம் பேச்சுக் கொடுத்தேன். இருவரும் ஒரே கப்பலில் போனதே இல்லை. இந்த மேசையில்தான் முதலில் சந்தித்திருக்கிறார்கள். சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது.

மார்கரெட்டும் கவனிக்கிறார் என்பதை, எங்கள் இருவர் பார்வையும் ஒரே முட்டியின்மேல் போய் முட்டிக்கொண்ட ஒரு மதியத்தில் அறிந்தேன். அவர் உடனே சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். நானும் கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

5

அன்று ஏழு சீட்டு ஆட்டம். மூன்று சீட்டு மறைவாக, நான்கு சீட்டு எல்லோரும் பார்க்கத் திறந்து. லூர்துக்கு முன்னால் மூன்று ஜாக்கியும் ஒரு நான்கும் கிடந்தன. இவானுக்கு முன்னால் இரண்டு ராணி, இரண்டு ஒன்பது. மார்கரெட்டுக்குச் சின்னச் சீட்டுகள். அவர் தாழ்ந்த பாதிக்குத்தான் போவார் என்பது வெளிப்படை. நான் முன்பே விலகியிருந்தேன். லூர்து பந்தயத்தை ஏற்றினார். மறுபடி ஏற்றினார். ரெனே தலையைச் சொறிந்தார். தன்னிடம் மூன்று பத்து இருப்பதாகவும், மூன்று ஜாக்கியை எதிர்த்து மண்டையை உடைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றும் சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

முட்டிகள் திறந்தன. இவான் கையில் ஒரு வில்லை. மார்கரெட் கை வெறும் கை. லூர்து கையும் வெறும் கை.

மூன்று ஜாக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு எவரும் தாழ்ந்த கை என்று சொல்ல மாட்டார்கள். மறைந்திருக்கும் மூன்றும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஐந்து சீட்டு சேரும்போது ஒரு ஜாக்கியாவது உள்ளே வந்தே தீரும். ஆட்டம் தெரியாத குழந்தைக்கும் அது தெரியும். உயர்ந்த பாதி முழுதும் இவானுக்கு என்றாகிவிட்டது.

"என் மூன்று பத்து!" என்றார் ரெனே. இவானின் இரண்டு ஜோடியை அது வென்றிருக்கும். இந்த முறை அவர் கையைத் தூக்கவில்லை.

மார்கரெட் குவியலின்மேல் உள்ளங்கையை வைத்தார். "இதை நான் பல வாரமாகப் பார்க்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இந்த மேசையில் இருவருக்குமே இடமில்லை. லூர்து, இது தவறா, வேண்டுமென்றே செய்ததா?"

லூர்தின் கட்டைவிரல் அசைந்தது. மார்கரெட் என் பக்கம் திரும்பினார். "செலின், உங்களுக்கு இப்போது இந்த ஆட்டம் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள்."

அந்த மேசை போனால் இவானுக்குப் புதன்கிழமை இல்லை, லூர்துக்கும் இல்லை என்பது மட்டும்தான் அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. "அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது" என்றேன். "நாளைக்கே அழைத்துப் போகிறேன்."

மார்கரெட் அதை நம்பவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார். கையைக் குவியலிலிருந்து எடுக்கவும் செய்தார்.

இவான்தான் குறுக்கிட்டார். "வேண்டாம் அம்மையாரே" என்றார். "நான் சமையல்காரன். என் தட்டில் யார் எவ்வளவு வைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?"

தன் முன்னால் இருந்த வில்லைகள் அத்தனையையும் நடுங்குகிற கையால் நடுவுக்குத் தள்ளினார். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் வைத்தார். எழுந்து கோட்டை மாட்ட முயன்றார். கை உள்ளே போகவில்லை. லூர்து எழுந்து சென்று கோட்டைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போனார்கள்.

6

வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"என்னத்துக்கு அப்படிச் செஞ்சீங்க?"

"வில்லை தீந்தா அந்தாளு மாசம் பூரா அந்த ரூம்லயே கெடப்பான்." பிறகு என்னவோ நான்தான் குற்றவாளி என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். "நீயும் சங்குப் படகு வீட்டுப் பிள்ளதானளா. காது ஒடைஞ்சவனக் கரையிலயா விட்டுட்டுப் போவோம்?"

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. சங்கு குளிக்கிற படகில் பங்கு என்பது ஏறி வந்தவனுக்குத்தான். கரையில் நின்றவனுக்குக் கிடையாது. ஆழத்தில் காது உடைந்தவன் ஆறும்வரை முங்க முடியாது. அவனை வீட்டில் விட்டுப் போனால் அவன் குடும்பத்துக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை. சும்மா கொடுத்தால் அவன் வாங்கமாட்டான். ஆகவே கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி ஏற்றிக்கொள்வார்கள். திரேஸ்புரத்துக் கரையில் சங்கைக் குவித்துப் பிரிக்கையில், ஒவ்வொருவரும் தன் குவியலிலிருந்து ஒன்றிரண்டைக் காலால் அவன் பக்கம் தள்ளுவார்கள். தள்ளும்போது முகம் கடலைப் பார்த்திருக்கும். அவனும் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருப்பான். என் அப்பாவின் படகில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லூர்து அவருடைய அண்ணன் படகில் செய்திருக்கிறார்.

அவர் செய்தது எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"அங்க அவனவன் தன் சங்கத் தள்ளுவான். நீங்க ரெனே சங்கையும் சேத்துல்லா தள்ளிட்டீங்க?"

சோற்றில் இருந்த கை நின்றது. "கேட்டா அவன் குடுப்பானா?"

"கேக்கலியே நீங்க."

சாப்பிட்டு முடித்துத் தட்டை அவரே கழுவி வைத்தார்.

அன்று இரவு எனக்குப் பழைய கப்பல்களின் நினைப்பு வந்தது. எவனோ ஒருவனுக்கு அங்கேயும் பாதியை விட்டுக்கொடுத்துத்தான் தோற்றாரா, அல்லது சாதாரணமாகவே தோற்றாரா? தோற்றது என்று நாங்கள் நம்பியதற்கே ஒரு சீட்டுக்கட்டைத் தவிர வேறு சான்று இல்லையே. கேட்டால் அவர் மழை வரும் என்பார். அவரை நல்லவராக்கிப் பார்க்க என் மனம் இவ்வளவு அவசரப்படுவதையும் நான் நம்பவில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பம் தோக்கலியா? தோத்துக் குடுத்தாவளா? அடியே, அது அதவிடக் களவாணித்தனம்லா!" என்றாள். பிறகு சிரித்தாள். அம்மா இருந்து கேட்டிருந்தால் மாப்பிள்ளைக்குச் சார்பாக ஒரு செபமாலையாவது சொல்லியிருப்பாள் என்றாள். அண்டாவை எடுத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னாள்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு மார்கரெட் இவானுக்கும் லூர்துக்கும் தனித்தனியே சொல்லி அனுப்பினார்: மாதம் பிறந்ததும் வரலாம், புதிதாகத் தொடங்கலாம் என்று. இவான் வரவில்லை. லூர்து சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு கழற்றி மாட்டிவிட்டார். அதற்கு அடுத்த புதனிலிருந்து நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போகிறார். திரும்பி வரும்போது சட்டையில் வதக்கிய மிளகாயும் இறைச்சியும் மணக்கின்றன. சலவைக்கடைப் பக்கம்தான் நடக்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே சீட்டு உண்டா என்று நான் கேட்கவில்லை, பையையும் பிரிக்கவில்லை.

நானும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். எவரைப் பார்க்கப் போனேனோ அவர் அங்கே இல்லை. ஒரு மதியம் மார்கரெட் அழைத்தார். எப்போதும் விதியைச் சொல்கிற அதே குரலில், இரண்டு பேர் மட்டும் இருந்தால் குவியலைப் பிரித்து ஆடுவதில் பொருளில்லை என்றும், ரெனே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னார். வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது புதன்கிழமைகளில் சன்னல் ஓர மேசையில் மார்கரெட் இருக்கிறார், ரெனே இருக்கிறார், நான் இருக்கிறேன்.